பூட்டு கழன்ற மரங்கள்

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி. ஒரே தாய்மரத்திலிருந்து லேப்பில் வளர்த்தெடுத்த எங்கள் குளோன் செம்பனைகளில் பழம் கோணலாகக் காய்த்தது, எண்ணெய் இல்லை. மரங்களைச் சாய்த்துவிட உத்தரவு வந்தது. அந்தக் கன்றுகளை உருவாக்கிய லேப்பிலிருந்து ஒரு பெண் இலை மாதிரி வெட்டியெடுக்க வந்தார். ஒல்லியான உடம்பு, காலுக்கு அளவு சேராத ரப்பர் பூட்ஸ். ஒவ்வொரு மரத்தையும் தொடுமுன், வெட்டுக் காயத்தில் கிருமி ஏறாமல் இருக்க, கத்தியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்.

"என்ன வியாதிம்மா?"

"வியாதி இல்லண்ணே. மரபணுவுக்குள்ள ஒரு துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கு. தன்னை நகலெடுக்கிற வழியைத் தனக்குள்ளயே வச்சிருக்கும். புகுந்த இடத்துல ரெண்டு ஓரத்துலயும் ஒரே மாதிரி மரபணு எழுத்துங்க இருக்கும். அதான் அடையாளம்."

"நல்ல மரத்துல இல்லையா?"

"தாய்மரத்துலயும் இருக்கு. அங்க பூட்டிக் கிடக்கு. நாங்க லேப்ல வளர்த்தப்போ பூட்டு கழண்டுடுச்சு. மரத்து மேல தப்பு இல்லண்ணே."

கடைசி மரத்துக்கும் கத்தியைத் துடைக்கப் பஞ்சை நனைத்தார். மரங்களைச் சாய்க்கும் எக்ஸ்கவேட்டர் இயந்திரம் வந்து நின்றிருந்தது. எனக்கு எரிச்சல்.

"நாளைக்குச் சாயப்போற மரம்லா. இதுக்கும் எதுக்கும்மா?"

"அது மரத்துக்குத் தெரியாதில்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

வேலை தொடங்குமுன் இயந்திரத்துக்குச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். மறுநாள் காட்டிவிட்டு, தட்டோடு மரத்தின் பக்கமும் திரும்பினேன்.