பச்சை டிக்கும் கமால் பாயின் குரலும்

சுத்தியலை மாற்றியதற்காக உங்கள் வீட்டில் சுவர் விழுந்திருக்கிறதா? எங்கள் தொழிலில் விழும். நான் குமுளியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன லினக்ஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய லேப்டாப்பில் போட்டுக்கொள்வார்களே, அது. அதற்குள் இருக்கும் மென்பொருளையெல்லாம் கட்டித் தருகிற கருவிக்குப் பில்ட் டூல் என்று பெயர். "அப்டேட் வந்திருக்கிறது" என்று திரையில் பார்த்ததும் பல்லைக் கடிக்கிறவர் நீங்கள் என்றால், அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிக்கிறவள் நான்.

மஞ்சள் எழுத்து

பில்ட் டூலைப் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். பழைய முறையில் எழுதினதை இனிக் கட்ட மாட்டேன் என்று அது கையை விரித்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. அதைக் குற்றம் சொல்ல முடியாது. 'இது சீக்கிரம் நின்றுவிடும்' என்று வருடக்கணக்கில் மஞ்சள் எழுத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. தொந்தரவாக இருக்கிறதென்று அந்த மஞ்சளைத் திரையில் வராமல் அடைத்து வைத்திருந்தோம்.

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, கொச்சியில் இருக்கும் டீம் லீடர் ஜிஜோ சேட்டனைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. "பழைய மாதிரியே நடந்துக்கோன்னு சொல்ற ஒரு வரி இருக்கு மோளே. எல்லாத்திலயும் அதைப் போட்டு விடு."

பச்சை டிக்

போட்டேன். கட்டி முடிந்தது என்று ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழுந்தது. அதில் ஒன்று, டைப் செய்ததைத் தமிழில் பேசிக் காட்டும் மென்பொருள். கட்டும்போது, ஒலிக்குத் தேவையான பகுதி இருக்கிறதா என்று தேடும். கிடைக்காவிட்டால் சண்டை போடாது. சத்தமே வராத ஒன்றைக் கட்டிவிட்டு, அதற்கும் டிக் கொடுக்கும். அந்த ஒரு வரி போட்டதில் இந்தத் தேடல் கெட்டது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்கவா என்று கேட்டதற்குச் சேட்டன் சொன்னார்: "பச்சை வந்தாச்சல்லோ, பின்னே எந்தா பார்க்கறது?"

முதலமடையிலிருந்து

தமிழில் வரும் அழைப்பெல்லாம் என் தலையில்தான். மாந்தோப்புகள் நிறைந்த முதலமடையிலிருந்து ஆயிஷா அக்கா கூப்பிட்டார். அவர் கணவர் கமால் பாய் மாங்காய் வியாபாரி. தொண்டையில் புற்றுநோய் வந்து ஆபரேஷனில் குரல் போய்விட்டது. அதிலிருந்து டைப் செய்வார், லேப்டாப் பேசும். அப்டேட் ஆனதும் அது ஊமையாகிவிட்டது. நோய் திரும்பி வந்து, மறுநாள் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள்.

"எழுதிக் காட்டச் சொல்லலாமேக்கா" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே கண்ணு. ராத்திரி பகலா ஆசுபத்திரியில நாந்தானுங்க கூட இருக்கோணும். அவரு என்ன கேக்குறாருன்னு எப்படீங்க தெரிஞ்சுக்குவேன்?"

வரிசை

தவறு எங்கே என்று அன்றைக்கே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். ஆனால் வேறொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் ஒருவருக்குக்கூட வெளியே விடக்கூடாது என்பது எங்கள் முறை. ஒப்புக்கொண்டாலும் அடுத்த வெளியீட்டோடுதான் போகும். பழைய பதிப்பைத் திரும்பப் போடலாமென்றால், சர்வரில் இடமில்லையென்று அழித்திருந்தார்கள். அவசரம் என்று சேட்டனுக்குத் தினமும் எழுதினேன். வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

கமால் பாய் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். தலைமாட்டில் லேப்டாப் இருந்ததாம், பேசாமல். சேட்டனிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அந்தப் புகாரை க்ளோஸ் பண்ணிரு மோளே. யூஸர் இல்லையல்லோ."

அடுத்த வெளியீடு

நான் க்ளோஸ் பண்ணவில்லை. அடுத்த வெளியீட்டில் திருத்தம் போனது. எங்கள் வேலையில் திருத்தம் தவறாமல் போய்ச் சேரும், ஆள் இருந்தால்தான் ஆச்சரியம். துக்கம் விசாரிக்க ஆயிஷா அக்காவைக் கூப்பிட்டபோது இதைச் சொல்லவா வேண்டாமா என்று தடுமாறி, சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இப்பப் பேசுமுங்களா?" என்றார்.

"பேசும்க்கா."

"அப்ப எதை அமுக்கோணும்னு சொல்லுங்க கண்ணு. 'ஆயிஷா, டீ ஆறுது, வா'ன்னு ஊட்ல என்னைக் கூப்பிடறதுக்கு ஒரு பட்டன் பண்ணி வெச்சிருந்தாரு. அதை ஒருக்காக் கேக்கோணும்."