சித்தி கொடுத்த மன்னிப்பு

என் சித்திக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. கடையின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. குழல்விளக்குக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகளின் குவியல். ஆட்களை அவள் முகத்தை வைத்து நினைவில் வைப்பதில்லை. "இடுப்பு முப்பத்தெட்டு ஒருத்தர் வந்தாரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவள் பொழுதுபோக்கு, நடிகர்களை நேரில் பார்ப்பது. வருஷத்துக்கு ஒரு முறை கண்காட்சி மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு நடக்கும். சினிமாக்காரர்களும் சீரியல்காரர்களும் ஆளுக்கொரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வரிசையில் நின்று, கையெழுத்து வாங்கி, தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டும். எல்லாரும் கதாநாயகனிடம் முண்டியடிக்க, சித்தி நேரே டாக்டரிடம் போவாள். ஒரு நெடுந்தொடரில் டாக்டராக நடித்தவர். தொடர் முடிந்து எத்தனையோ காலமாகியும் எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

"உனக்குச் சளி பிடிச்சாக்கூட அவர்கிட்டதான் காட்டுவ போல" என்பார் சித்தப்பா. அவர் லிப்ட் மெக்கானிக்.

"காட்டினா என்ன? உங்கள மாதிரி பாதியில எழுந்து போக மாட்டாரு."

சித்திக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது அவர் தன்னை அடையாளம் கண்டு, "வாங்க, நீங்களா!" என்று சொல்ல வேண்டும். துணைக்கு எப்போதும் நான். கவிதைப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், அவர் முன்னால் போனதும் சித்திக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் போன இடம் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவாள். முதல் வருஷம், "உங்க சட்டைக் கை மடிப்பு பிரிஞ்சிருக்குங்க" என்றாள். மறு வருஷம், கோட்டின் தோள்பட்டை இழுக்கிறது என்றாள். அதற்கடுத்த முறை ஊசியும் நூலும் கைப்பையிலேயே இருந்தன. தொங்கிய பொத்தானை அங்கேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வந்தாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த வருஷம் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, நீங்களா!" சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு செட்ல அத்தனை பேர் முன்னாடி அந்தக் கோட்டை உங்க மேல விட்டெறிஞ்சேன். நீங்க வேலையையே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். இருந்தும் தேடி வந்து என் துணியைத் தச்சுக் குடுக்கறீங்க. மன்னிச்சிடுங்கம்மா."

"பரவாயில்லைங்க" என்றாள் சித்தி. "மன்னிச்சுட்டேன்."

மண்டபத்தின் மூலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

"அது நான் இல்லையேடா."

"தெரியும் சித்தி. செட்ல துணி பாத்துக்கிட்டவங்கன்னு நினைச்சுட்டாரு."

"பின்ன ஏன் மன்னிச்சேன்?"

"அவர் கேட்டாரு."

"கேட்டா குடுத்துடறதா? வந்தவங்களுக்கு டீ குடுக்கற மாதிரி?" சற்று நேரம் புடவைத் தலைப்பைத் திருகினாள். "ஆனா எழுந்து நின்னாரு, பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்கா நின்னாரு, அவளுக்கா?"

இப்படி ஒரு கேள்வி கவிதையில் வந்தால் அடிக்கோடிடுவேன். பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் இனி வருஷா வருஷம் அவர் எழுந்து நிற்பார். சொல்லிவிட்டால் அதோடு சரி. சித்தி இதை என்னிடம் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து மறுபடியும் வரிசைக்குப் போனாள்.

கழுத்தில் அட்டை மாட்டி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் தடுத்தான். "அம்மா, நீங்க இப்பதானே வந்துட்டுப் போனீங்க?"

"அது வேற ஆளு" என்றாள் சித்தி. அவன் குழம்பி வழிவிட்டான்.

மேஜை முன் நின்று ஒரே மூச்சில் சொன்னாள். "சார், நான் அவங்க இல்லீங்க. நான் துணிக்கடையில தைக்கறவ. உங்க செட்டுப் பக்கமே வந்ததில்ல."

டாக்டரின் பேனா நின்றது. "அப்ப, மன்னிச்சேன்னு சொன்னது?"

"அது செல்லாதுங்க. என்னோடது இல்லாததை எடுத்துக் குடுத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்தார். நோயாளி பிழைக்கவில்லை என்று சொல்லும் காட்சிகளில் அப்படித்தான் செய்வார். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நீங்கதான் விசாரிக்கணும்."

"அப்ப நீங்க யாரு?"

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. "சும்மா பாக்க வர்றவ" என்றாள். அதற்குள் பின்னாலிருந்து நகரச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். "அவர் நிஜமாவே வருத்தப்பட்டாரா, நடிச்சாரா?"

"தெரியல சித்தி."

"பக்கத்துலதானே நின்ன?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாத்தும் தெரியல."

டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இனிமே என்னை மறக்க மாட்டாரு" என்றாள். அடுத்த நிறுத்தத்தில், "அடுத்த வருஷம் பாத்தா எழுந்து நிப்பாரா, மூஞ்சியத் திருப்பிக்குவாரா?" என்றாள்.

நான் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டேன் போலிருக்கிறது.

"எதுக்குடா ஆட்டற?" என்று அதட்டினாள்.