இரண்டாம் பிரேக்

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மாஸ்டர் பிரேக் போடுகிறார். எதிரே யாரோ ஒருவர் சைக்கிளில் வளைவைக் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும். பேச்சு நிற்காது, டீ தளும்பாது, வலது கால் மட்டும் தானாகத் தரையை ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடும். சைக்கிள்காரர் பத்திரமாகப் போய்விடுவார். தன்னைக் காப்பாற்றிய கால் எதுவென்று அவருக்குத் தெரியவே தெரியாது.

மாஸ்டருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் இவர். இவர் காலடியில் இன்னொரு பிரேக். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் 'மாஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'ரெண்டாம் பிரேக்'. இரண்டும் அவருக்குத் தெரியும், இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். நானும் அவரிடம் படித்தவன்தான். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். "நீ ஒருத்தன்தாம்பா திரும்பத் திரும்ப வந்து என் பொழப்பை ஓட்டுன," என்பார்.

வருடக்கணக்கில் அடுத்தவர் அவசரத்தோடு குடும்பம் நடத்திய கால் அது. சினிமா தியேட்டரில் திரையில் ஒரு கார் இன்னொன்றைத் துரத்தினால், மாஸ்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார். மாப்பிள்ளை தன் காரில் மாமனார் கால் வைக்கும் இடத்தில் மட்டும் இரட்டை ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறார். "மாமா மிதிக்கிற மிதியில கார்ல ஓட்டை விழுந்துடும்," என்று அவர் சொன்னதை மாஸ்டரே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். ஷூ வாங்கினால் வலது அடிதான் முதலில் தேயும். இடது கால் ஷூக்கள் புதுமெருகு குலையாமல் வீட்டு அலமாரியில் துணையில்லாமல் கிடக்கின்றன. தூக்கிப் போட அவருக்கு மனசு வருவதில்லை.

கார் பாடத்தில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பாடம் நடக்கிற நாளெல்லாம் கால் பிரேக்கின் மேலேயே இருக்கும். என்றைக்கு ஒருவர் தேறிவிட்டார் என்று அவருக்குப் படுகிறதோ, அன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டார். ஓடுகிற வண்டியில் வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். இனி வண்டி உன்னுடையது என்று அர்த்தம். "மாஸ்டர் கால் மேல கால் போட்டாச்சா?" என்றுதான் படிக்கிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். தேர்வு அதிகாரி என்ன சொன்னார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் விஷயத்தில் அந்தக் கால் எழும்ப வெகு நாளாயிற்று.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடிப் போகிற இடம், மோட்டார் வண்டியே வராத ரோடு. நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் ஏரி. ஏரியைச் சுற்றி ஒரு தார் ரோடு. அதன் வாசலில் இரண்டு இரும்புத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். சைக்கிள் நுழையும், கார் நுழையாது. உள்ளே போனதும் முதலில் காதுதான் திகைத்துப்போகும். ஹாரன் இல்லை. செயின் ஓடுகிற சத்தம், நாணலில் காற்று, எங்கோ ஒரு சைக்கிள் மணி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். ரோடு ஏறக்குறைய முழுவதும் சமதளம். சுற்று முடியப்போகிற இடத்தில், பழைய மதகருகே மட்டும் சரிந்து இறங்கி, உடனே மேடாக ஏறும். வழக்கமாக வருகிறவர்களுக்கு அந்த இடம் அத்துபடி. இறக்கத்தில் பயப்படாமல் விட்டுவிட்டால் அந்த வேகமே பாதி மேட்டை ஏற்றிவிடும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாயோ, மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

"இங்க வந்தா நான் யாரு உசுருக்கும் பொறுப்பில்ல," என்பார் மாஸ்டர். மனைவியோடு வரத் தொடங்கும் வரையில் அது உண்மையாகவும் இருந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பார்சல் அலுவலகத்தில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற பொதிகளை ஊர்வாரியாகப் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவர். "ஆளைப் பார்த்தாலே எத்தனை கிலோன்னு சொல்லிடுவா, ஜாக்கிரதை," என்று மாஸ்டர் புது மாணவர்களை மிரட்டுவார். வீட்டில் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் மாஸ்டர் வழி சொல்லுவார், அக்கா நகர்த்துவார். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து பாதி ஆளாகத்தான் திரும்பினார். சைக்கிள் ஓட்டுங்கள், மூச்சும் காலும் தேறும் என்றார் டாக்டர்.

தனியாக விடுவாரா மாஸ்டர்? ஏரி வாசலில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் பழைய இரட்டைச் சைக்கிள் ஒன்று துருவேறிக் கிடந்தது. இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல். அதை விலைக்கு வாங்கினார். முன்னால் உட்காருகிறவருக்கு இருக்கிற இரண்டு பிரேக் போதாதென்று, பின்னால் உட்காருகிறவர் கைக்கும் தனியாக ஒன்று வைத்துத் தரச் சொன்னார். பிறகு அக்காவை முன்னால் உட்காரவைத்தார். "கத்துக்கறவங்க கையிலதான் ஹேண்டில்பார் இருக்கணும். நான் சும்மா பின்னாடி இருப்பேன்," என்றார். அந்த மூன்றாவது பிரேக்கை அக்காவும் பார்த்தார். "ஆபத்துக்கு இருந்துட்டுப் போகட்டும்," என்று விட்டுவிட்டார்.

ஞாயிறுதோறும் சுற்றினார்கள். நான் பல நாள் அவர்கள் பின்னாலேயே போயிருக்கிறேன். சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடும். மதகு வந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். பழைய வண்டி, எண்ணெய் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இறக்கத்தில் சோம்பி இறங்கி, மேட்டில் ஏறத் தொடங்கியதுமே நின்றுவிடும். இரண்டு பேரும் இறங்கித் தள்ளுவார்கள். பாதி வழியில் அக்கா இருக்கையில் கை ஊன்றி மூச்சு வாங்குவார். மாஸ்டர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, வகுப்பில் சொல்கிற அதே பல்லவியைப் பாடுவார். "அவசரப்பட்டா ஆஸ்பத்திரி, நிதானமா போனா வீடு."

அந்த மேட்டில் நின்றுகொண்டுதான் ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்.

"ஆபீஸ்ல கேட்டுட்டாங்க தம்பி. திரும்ப வந்து பார்சல் தூக்கறியா, இல்ல வேலையை விட்டுடறியா, மாசக் கடைசிக்குள்ள சொல்லுன்னு. நான் மனசுக்குள்ள ஒண்ணு வச்சிருக்கேன். இந்த மேட்டுல இறங்காம ஏறிட்டேன்னா வேலைக்குப் போறேன். முடியலைன்னா வீட்டோட இருந்துடறேன்."

"இதென்னக்கா பந்தயம்?"

"பந்தயம் இல்ல. என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கான்னு வேற எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

மாஸ்டர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேலை கெடக்கு விடு. சுவர் இருந்தாத்தான் சித்திரம்," என்றார்.

"சுவரைச் சும்மாவே வச்சிருந்தா பூஞ்சைதான் பிடிக்கும்," என்றார் அக்கா.

வாரங்கள் போயின. மேடு மேடாகவே இருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று தூண்களுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்தபோது அவர் முகத்தில் உயிரே இல்லை. "நாளைக்குச் சொல்லிடப் போறேன், வரலைன்னு. கால்ல பலம் போச்சு தம்பி. ஒத்துக்கிட்டா நிம்மதி," என்றார். நிம்மதி அடைந்தவர் குரல் அப்படி இருக்காது.

கடைக்காரப் பெண் இரட்டைச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளங்கபடமில்லாமல்தான் கேட்டார்.

"அண்ணே, உங்க பிரேக் கட்டை மறுபடி போச்சே. அக்கா பிடிக்கிற ரெண்டும் வாங்கின மாதிரியே இருக்கு. நீங்க பிடிக்கிறது மட்டும் தேஞ்சு, இரும்புல இரும்பு உரசுது. நீங்க என்ன, மலையா இறங்கறீங்க?"

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். அக்கா குனிந்து அந்தக் கட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. நிமிர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்ப பிடிச்சீங்க?"

"நான் எங்கம்மா பிடிச்சேன்?"

"பிடிக்காமயா தேஞ்சுது?"

மாஸ்டர் தன் வலது கையை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். "சத்தியமா தெரியல. இறக்கத்துல கை தானா பிடிச்சிருக்கும்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலை அறிந்தவன் என்பதால் அந்தக் கையையும் நான் நம்புகிறேன்.

"வாராவாரம் என் காலையே திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "படுத்துக்கிட்டு ரெண்டு காலையும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன், சதை இருக்கா இல்லையான்னு. நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க."

கடைக்காரப் பெண் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை. மாஸ்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உன் மூச்சையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கால் கட்டில் காலைப் போட்டு மிதி மிதின்னு மிதிச்சுது. அங்க ஒண்ணும் நிக்கல. மிதிச்சா, பிடிச்சா நிக்கற ஒரு வண்டி கெடைச்சதும் கை விடமாட்டேங்குதும்மா. பயமா இருக்கு. அவ்வளவுதான்."

மாஸ்டர் பயம் என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கும் கலங்கியிருக்க வேண்டும், அவர் விரல் கறுப்பைப் புடவைத் தலைப்பில் துடைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் இளகிவிடவில்லை.

"சரி. அது ஆஸ்பத்திரி. இது ரோடு," என்றார். கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, ஒத்தை சைக்கிள் ஒண்ணு குடு."

"நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் பின்னாடியே…" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"வேணாம். மதகு மேட்டுல போய் உட்காருங்க. பார்க்கறதுன்னா பாருங்க."

"அந்த வளைவுல மட்டும்…"

அக்கா ஒரு பார்வை பார்த்தார். மாஸ்டர் மீதியை விழுங்கிவிட்டார். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா தூண்களுக்கு நடுவே நுழைந்தார். முதல் சில மிதிகளில் கைப்பிடி ஆடியது. பிறகு நேரானது. நாணலுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

சுற்றின் முடிவு வாசலுக்குப் பக்கம்தான். மாஸ்டரும் நானும் எதிர்த்திசையில் நடந்து போய், மேட்டின் உச்சியில் இருக்கிற குட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப்பக்கம் இறக்கம். ஏரி அசையாமல் கிடந்தது. மாஸ்டருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"டயர்ல காத்துப் பார்த்தாளா அந்தப் பொண்ணு?"

"பார்த்தா மாஸ்டர்."

"செயின்?"

"எண்ணெய் போட்டிருக்கு."

"வாத்து குறுக்க வந்தா?"

"வாத்துக்குப் பிரேக் இருக்கும் மாஸ்டர்," என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இறக்கத்தின் உச்சியில் ஒரு புள்ளி தெரிந்தது, அக்காவாயிற்று. மிதிப்பதை நிறுத்தி ஒரு காலை ஊன்றி நின்றார். பள்ளத்தையும் மேட்டையும் பார்த்தார். என் பக்கத்தில் மாஸ்டரின் வலது கால் சரளைக் கல்லை நெரித்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலணி பாதி புதைந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார், 'மெதுவா' என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். அக்கா ஊன்றிய காலை எடுத்தார்.

அப்போது மாஸ்டர் குனிந்து, தன் வலது காலை இரண்டு கையாலும் மண்ணிலிருந்து பிடுங்குவது போலத் தூக்கி, இடது தொடைமேல் போட்டுக்கொண்டார்.

சைக்கிள் இறங்கியது. கீச்சென்ற சத்தம் இல்லை. அக்காவின் தலைமயிர் பறந்தது. பள்ளத்தைத் தொட்டு, அதே வேகத்தில் பாதி மேடு ஏறிவிட்டது. மீதிப் பாதியை அக்காவின் கால்கள் ஏற்றின. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு எங்களுக்கே கேட்க, மிதிக்கு மேல் மிதியாக, இறங்காமல் ஏறினார்.

எங்களைக் கடந்தபோது அவர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். மணியை ஒருமுறை அடித்துவிட்டு, நிற்காமல், இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டார். சைக்கிள் கண்ணுக்கு மறைந்த பிறகும் மாஸ்டர் தண்ணீரைப் பார்த்தபடி கால் மேல் கால் போட்டே உட்கார்ந்திருந்தார். கணுக்காலைப் பிடித்திருந்த கைகளை அவர் இன்னும் எடுக்கவில்லை.