காயீனுக்குப் பெண் கொடுத்த வீடு

ரெஜினா டீச்சர் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். மகன் போன் செய்து சொன்னார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் தமிழ். அவர் சயின்ஸ். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பும் அவர்தான் எடுப்பார்.

காலையிலிருந்து பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவத்திப் படங்களாக வந்து விழுகின்றன. ஒன்றின் கீழே ‘கல்வித் தாய்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் போட்டவரின் தாத்தா அன்றைக்குக் கத்தோலிக்கக் கோயிலுக்கு நாட்டாமை. அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது…

முதலில் டீச்சரைப் பற்றி.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் ஹெட்மாஸ்டர் வேதம் பேசிக்கொண்டிருந்தார். “ஏவாள் யாரு? ஆதாமோட விலா எலும்பு. ஆம்பளைய முதல்ல படைச்சுட்டு, அப்பறமா ஒரு தொணைக்குப் பொம்பளைய செஞ்சாரு. அதான் அடங்கி இருக்கணும்ங்கிறது.”

டீச்சர் பரீட்சைப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முதல் தோசை கல்லுல ஒட்டிப் பிஞ்சுதான் சார் வரும். ரெண்டாவதுதான் பதமா வரும்.”

பிறகு நிதானமாக, “நீங்க சொல்றது ஆதியாகமம் ரெண்டாம் அதிகாரம் சார். முதல் அதிகாரத்துல ஆணும் பெண்ணுமா ஒண்ணாத்தான் படைச்சிருக்கு. அதையும் செத்த நேரம் வாசிச்சுப் பாருங்க” என்றார்.

ஹெட்மாஸ்டர் புத்தகத்தை எப்போதும் நடுவிலிருந்து தொடங்குபவர் போலும்.

டீச்சரின் அப்பா தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். ஓர் ஐப்பசி மாதம், விடாத மழையில் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. மேட்டுப் பக்கம் நாட்டாமையின் சாதிக்கு. பள்ளப் பக்கம் டீச்சரின் சாதிக்கு. இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான்.

மழைத் தண்ணீர் வேதம் படிக்காதது. மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் நின்றுகொண்டது. தோண்டிய குழி கிணறாகிவிட்டது.

டீச்சர் நாட்டாமையிடம் போய்க் கேட்டார். மேட்டுப் பக்கம் ஒரே ஒரு குழி. நானும் கூடப் போயிருந்தேன்.

நாட்டாமை கோபப்படவில்லை. வேத விளக்கம் சொன்னார்.

“டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. ஒங்களுக்குத் தெரியாததா? முதல் அதிகாரத்துல கடவுள் மனுசங்கள மொத்தமா உண்டாக்குனாரு. வாயால சொன்னாரு, ஆயிருச்சு. ரெண்டாம் அதிகாரத்துலதான் தன் கையால மண்ணெடுத்து, மூச்ச ஊதி ஆதாமச் செஞ்சாரு. ரெண்டும் வேற வேற ஆளுக. நாங்க ஆதாம் வம்சம்.”

நான் கிறிஸ்தவன் அல்ல. எங்கள் வீட்டில் இதே வேலைக்கு வேறு புத்தகம் இருந்தது. அதில் தலை, தோள், தொடை, கால். இங்கே முதல் அதிகாரம், இரண்டாம் அதிகாரம். ஆகவே எனக்குப் புரிவதில் சிரமம் இல்லை.

டீச்சர் அழுது வீங்கிய கண்ணோடு கேட்டார். “சரிங்க நாட்டாமை. ஆதாமுக்கு இருந்தது காயீன், ஆபேல்னு ரெண்டு பயலுக. தம்பியக் கொன்னுட்டு ஓடிப்போன காயீன் எங்க போயிப் பொண்ணு கட்டுனான்?”

“அது… அந்த முதல் அதிகாரத்து ஆளுகள்ல எடுத்திருப்பான்.”

“அப்ப எங்க வீட்லதான் பொண்ணு எடுத்திருக்கீக. நீங்க எங்களுக்குச் சம்பந்தி. சம்பந்தி வீட்ல சாவு விழுந்து கெடக்கு, கோடித்துணி எடுத்துட்டு வரலையே? ஊரு என்ன பேசும்?”

வாசலில் நின்றிருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். கோடி போடாத சம்பந்தியை எங்கள் பக்கம் யாரும் மன்னிப்பதில்லை.

நாட்டாமை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து சாமியாரிடம் போனோம். அவர் நிறையப் படித்தவர். ஆறு நாள் என்பதை ஆறு நாள் என்றே கொள்ள வேண்டியதில்லை என்றார். மனிதனின் உடம்பு குரங்கிலிருந்து வந்திருக்கலாம், ஆத்துமாதான் நேராகக் கடவுளிடமிருந்து வந்தது என்றார். எல்லாரும் ஒரே ஆதாமின் பிள்ளைகள், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார்.

“அப்ப குழி, சாமி?”

“அதுல அவசரப்படக் கூடாதும்மா. ஊர் ரெண்டு படும்.”

ஊர் ஏற்கெனவே இரண்டுபட்டு, நடுவில் சுண்ணாம்பும் அடித்திருந்தது.

அப்பாவைப் பள்ளத்தில்தான் புதைத்தோம். தகர வாளியால் இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. பெட்டி ஒருமுறை மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீச்சர் குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் லத்தீனில் ஏதோ சொன்னார். மண்ணைப் பற்றித்தான் என்று டீச்சர் பிறகு சொன்னார். அங்கே சேறுதான் இருந்தது.

அடுத்த வாரமே ஞானோபதேச வகுப்பு டீச்சரிடமிருந்து போய்விட்டது. சயின்ஸை மட்டும் விட்டுவைத்தார்கள். குரங்கால் யாருக்கும் தொந்தரவு இல்லையே…

இன்று காலை, நாட்டாமையின் பேரன் டீச்சர் மகனுக்கு போன் செய்திருக்கிறார். “டீச்சர் ரேஞ்சே வேற தம்பி. மேட்டுப் பக்கம் இடம் தாரோம். ஸ்பெஷல் பெர்மிஷன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

பெருந்தன்மை. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், அதுவும் செத்த பிறகு.

மகன் என்னிடம் சொன்னார்: “வேணாம்னுட்டேன் சார். ‘எங்கய்யா பக்கத்துல வைங்கடா’ன்னு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா மழை… தண்ணி எடுக்க ஒரு மோட்டார் சொல்லியிருக்கேன்.”

நாளை மாலை அடக்கம். வருகிறவர்கள் பள்ளப் பக்கத்து கேட்டுக்கு வாருங்கள். மேட்டுப் பக்கம் இறங்கினால் சுவரைத் தாண்டி வர வழி கிடையாது.

நான் வாரேன் டீச்சர்.