அளவு சட்டை இல்லாத ஆள்

ராணுவமும் விமானப்படையும் இருக்கும் ஆவடிப் பக்கம் வாழ்கிறவர்களுக்குச் சீருடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. காலையில் பால் வாங்கப் போனால் வரிசையில் முன்னால் ஒரு சீருடை நிற்கும், மாலையில் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு இன்னொரு சீருடை நிற்கும். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவன் சீருடையில் வந்தால் வீட்டுக்காரர் அதிகம் விசாரிக்க மாட்டார். என் வாழ்க்கைக்குள் ஒருவர் சீருடையில் வந்தபோது நானும் அப்படித்தான், எதையும் விசாரிக்காமல் கதவைத் திறந்து வைத்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மணமுறிவு ஆகிப் பதினோரு வருடம். பட்டாபிராமில் புதிதாக எழும்பிய அடுக்ககம் ஒன்றில் இரண்டாம் மாடி, ஒற்றைப் படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். தினமும் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எதையாவது எழுதுவேன். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி மனசுக்குள் எழுதுவேன். அப்படி எழுதுவதைப் படிக்க ஒரு ஆள் இல்லை என்பதுதான், இப்போது யோசித்தால், எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மறுமணத்துக்கான இணையதளம் ஒன்றில்தான் அவர் வந்தார். ராணுவ மருத்துவராம். மனைவி இறந்துவிட்டாராம். எல்லையில், பனியில் இருக்கிறாராம். மூன்றாம் நாளே 'நீ' என்று கூப்பிட்டார். காலையில் 'எழுந்தாயா', மதியம் 'சாப்பிட்டாயா', சாயங்காலம் 'ரயில் கிடைத்ததா'. பதினோரு வருடமாக நான் ரயிலைப் பிடித்தேனா விட்டேனா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. கேட்டதும் உருகிப் போனேன். பனியைப் பற்றி அவர் இரண்டு வரி எழுதுவார். நான் பட்டாபிராம் நடைமேடையில் பெய்கிற மழையைப் பற்றி இருபது வரி எழுதுவேன். மழை தகரக் கூரையில் ஓடுவது, நாய்கள் டிக்கெட் கவுண்ட்டருக்குக் கீழே ஒதுங்குவது, நனைந்த துப்பட்டாவிலிருந்து வருகிற சோப்பு வாசனை, எல்லாம். 'எவ்வளவு அழகாக எழுதுகிறாய்' என்பார். எத்தனை முறை சொன்னாலும் அது எனக்குப் போதவில்லை.

வீடியோவில் வருவதற்கு மட்டும் வழியில்லை. எல்லையில் அனுமதி கிடையாதாம். இரண்டு முறை பணம் கேட்டார், ஒருமுறை கைபேசிக்கு, ஒருமுறை காய்ச்சலுக்கு. அனுப்பினேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், இன்னமும் கூச்சமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்றார். மாங்காட்டில் இருக்கும் என் தம்பியிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

நான்காம் மாதம் அந்தச் செய்தி வந்தது. லீவு கிடைத்துவிட்டது, நேரே சென்னைக்குத்தான் வருகிறேன். ஆனால் குடும்பத்தில் ஒருவர் கட்டணம் கட்டினால்தான் லீவுத் தாள் நகரும். 'குடும்பம் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன்.'

இந்த ஒரு வரிக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டியிருப்பேன். என் வைப்புத்தொகையை உடைத்தால் சரியாக இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். இருப்பது எனக்கு அது ஒன்றுதான், கடைசிக் காலத்துக்கு என்று வைத்திருந்தது. வியாழக்கிழமை மதியத்துக்குள் பணம் போக வேண்டும் என்றார். வியாழக்கிழமை லீவு போட்டேன். வங்கிக்கு முன்னால் இன்னொரு வேலை வைத்திருந்தேன். வருகிறவருக்கு ஒரு சட்டை தைத்து வைக்க வேண்டும். சந்தன நிறத்தில் துணி வாங்கியிருந்தேன்.

முத்தாபுதுப்பேட்டையில் அந்தத் தையல் கடை எனக்குப் பல வருடப் பழக்கம். தையற்காரர் பூந்தமல்லிக்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கியவர். பெரும்பாலும் விமானப்படைக்காரர்களின், ராணுவக்காரர்களின் சீருடைகள்தான் தைப்பார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் வைப்பார், என் ரவிக்கைகளையும் அவர்தான் தைப்பார்.

துணியை விரித்துப் பார்த்துவிட்டு பாய் கேட்டார். "அளவு சட்ட எங்கமா?"

"இல்ல பாய். ஆள் ஊர்ல இல்ல. போட்டோ இருக்கு, பாத்து அளவு சொல்ல முடியுமா?"

பாயின் மனைவி பல்லில் நூலைக் கடித்தபடி நிமிர்ந்தார். "யாருக்கா அது? மூஞ்சில பல்பு எரியுது?"

"ஏய், நீ பட்டன வைய்யி" என்றார் பாய். "அக்கா இன்னிக்குதான் ஆம்பள சட்ட கொண்டாந்துகீறாங்க. ஒடனே போலீஸ் மாரி கேக்காத."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் போனை வாங்கினார். முதல் படத்தை இரண்டு விரலால் விரித்தார். "காலர் பதினாறு. தோள் பதினெட்டு. நல்லா நெஞ்ச நிமித்தி நிக்கிறாரு. வலது தோள் லேசா எறங்கி கீது, அதுக்கு உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சா சரியாப்பூடும். இன்னொண்ணு கீதா?"

இரண்டாவது படத்தைக் காட்டினேன். பாய் வெகுநேரம் பார்த்தார். திரும்ப முதல் படத்துக்குப் போனார். பிறகு மறுபடி இரண்டாவது.

"இது வேற ஆளாமா?"

"அவர்தான் பாய்."

"மூஞ்சி அவருதான். தோள் அவுருது இல்லியே."

"அது பழைய போட்டோ. அப்ப இளைச்சிருந்தாராம்."

"ஒடம்பு எளைக்கும், தொப்ப போடும், நான் இல்லன்னு சொல்லல. தோள் எலும்பு எங்கமா எளைக்கும்? அதுல ஒரு பக்கம் எறங்கி கீது. இதுல ரெண்டும் தராசு தட்டு மாரி சமமா கீது. அதுல கழுத்து குட்ட. இதுல ரெண்டு பட்டன் நீட்டு." விரலால் சட்டைப் பையைத் தொட்டார். "பேர் பட்டய வலது பக்கம்தான் வெப்போம். எத்தினி ஆயிரம் தச்சிருப்பேன். இதுல இடது பக்கம் கீது, பேர வேற அழிச்சிகீறானுங்க. படத்தையே திருப்பிப் போட்டுகீறானுங்கமா."

பாயின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது கேலி இல்லை.

"காசு கேட்டானாக்கா?"

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மெதுவாக, "லீவுக்கு ஏதோ கட்டணுமாம்" என்றேன்.

"லீவுக்கா?" பாய் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "லீவுல போற பசங்க மொத நாளு இங்கதான் வந்து நிப்பானுங்க, பாய் சீக்கிரம் குடு, ரயிலுக்கு டைமாச்சின்னு. டிக்கெட் கெடைக்கலன்னு பொலம்புவானுங்க. லீவுக்கு காசு கட்டினேன்னு ஒருத்தன்கூட சொன்னதில்லமா."

எனக்குக் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம். என் நான்கு மாதத்தை ஒருவர் அங்குல நாடாவால் அளந்து சிறியது என்று சொல்லிவிட்ட மாதிரி.

"சட்டை தைக்கக் கொடுத்தா தைங்க பாய். ஆள் ஆராய்ச்சி எதுக்கு உங்களுக்கு?"

துணியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினேன். "அக்கா, யக்கா" என்று பின்னால் குரல் கேட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஆவடிக்குப் போகிற வழியெல்லாம் பாயைத் திட்டினேன். வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், இருபது நிமிடமாக நான் திட்டிக்கொண்டிருந்தது பாயை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு படங்களை.

மனிதருக்குத் தெரிந்தும் தெரியாமல் வைத்துக்கொள்ள எத்தனை இடம் இருக்கிறது உள்ளே! வீடியோவில் வராதது எனக்குத் தெரியும். நான் எதையாவது கேட்டால் உடனே மனம் நோகிறவர், பணம் கேட்கும்போது மட்டும் நோகாமல் தெளிவாகப் பேசுவார் என்பதும் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றது கண்படும் என்பதால் அல்ல, பாய் மாதிரி ஒரு ஆள் பார்த்துவிடக் கூடாது என்பதால். அதுவும் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்துதான் இருந்தது. அந்த ஓரத்துக்கு நான் போகவே இல்லை, அவ்வளவுதான்.

போன் அதிர்ந்தது. 'வங்கிக்குப் போய்விட்டாயா?'

'உட்கார்ந்திருக்கிறேன்' என்று எழுதினேன். பிறகு விரல் தானாக எழுதியது. 'உங்களுக்குச் சட்டை தைக்கிறேன். தோள் அளவு சொல்லுங்கள்.'

எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின. நான் கடவுளை வேண்டிக்கொண்டேன். பதினெட்டு என்று சொல். பதினேழரை என்றாவது சொல். சீருடை தைத்துப் போடுகிற எவனுக்கும் தெரிந்திருக்கிற ஒரு எண்.

'40' என்று வந்தது.

தோள், நாற்பது அங்குலம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. என் வீட்டு வாசற்கதவே அவ்வளவு அகலம் இல்லை. அந்த மனிதர் வந்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வங்கி என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. என் டோக்கன் எண் பலகையில் ஒளிர்ந்தது. கூப்பிட்டார்கள். அடுத்த எண்ணுக்கும் போய்விட்டார்கள்.

'பணம் போட்டாயா?' என்றது போன். 'ஒரு நிமிடம் வீடியோவில் வாருங்கள், போடுகிறேன்' என்று எழுதினேன். நம்பிக்கை இல்லையா என்றார். குடும்பம் என்று எழுதியதற்கு இதுதான் மரியாதையா என்றார். பிறகு வேறு ஒரு குரல் எழுத ஆரம்பித்தது, நான்கு மாதத்தில் நான் கேட்டிராத குரல். 'இந்த வயதில் உன்னை வேறு எவன் பார்ப்பான்?'

பார்க்காவிட்டால் போகட்டும். எழுந்து வெளியே வந்தேன். வெயில் சரியாக அடித்துக்கொண்டிருந்தது.

நேராகக் கடைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. படியில் நின்று, "பாய், மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு? காசு போச்சா?"

"போகல."

"அப்ப ஒக்காருமா." ஒரு முக்காலியைக் காலால் தள்ளினார். "அல்லா காப்பாத்தினாரு."

"நான் காப்பாத்தினேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கோயேன், இன்னா கொறஞ்சிடும்?" என்றார் அவர் மனைவி. என் கையில் டீயைத் திணித்தார். "எத்தினி மாசமாக்கா?"

"நாலு."

"அதான். நாலு மாசமா பூ வச்சினு வர. நான்கூட ப்ரமோஷன் கெடச்சிடுச்சின்னு நெனச்சேன்."

சிரித்தேன். பிறகு அவர்கள் இரண்டு பேரிடமும் முழுக்கச் சொன்னேன். முதல் 'சாப்பிட்டாயா'விலிருந்து, காய்ச்சல் வரை, குடும்பம் என்ற இடம் வரை. வாயால் சொல்லிக் கேட்டபோது எவ்வளவு தெரிந்த கதையாக இருந்தது! எல்லோருக்கும் இதே கதையைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. எங்கோ ஓர் அறையில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்குப் பத்துப் பேருக்கு ரயில் கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் யார் அங்கே உட்கார வைத்தார்களோ.

எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். பாயின் மனைவி என் கையைப் பிடித்தார். "அய்ய, அழிக்காத. ஒண்ணு உடாம போலீசாண்ட காட்டணும். மாமே, நீ கடையப் பாத்துக்கோ, நான் அக்காகூட போயினு வரேன்."

போவதற்கு முன்னால் படங்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார் பாய். வீட்டில் எடுத்தது என்று அனுப்பியிருந்த ஒன்றை நான் யாரிடமும் காட்டியதில்லை. பனியன் போட்டு, சோபாவில், சிரித்தபடி. அதையும் காட்டினேன். பாய் விரித்துப் பார்த்தார்.

"இதாம்மா அசலு. மூஞ்சியும் கழுத்தும் ஒண்ணுக்கொண்ணு சேந்து கீது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இங்க பாரு."

படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. இடது தோளில், பனியன் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நான்கு சின்ன விரல்கள்.

"கொழந்தயத் தூக்கி வச்சினு கீறாரு" என்றார் அவர் மனைவி. "கொழந்தய வெட்டிட்டானுங்க பாவிங்க."

நான்கு மாதமாக இரவில் தூங்குவதற்கு முன் பார்த்த படம். அந்த விரல்களை நான் பார்த்ததே இல்லை. முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். எந்த ஊரிலோ ஒரு மனிதர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார். அவருக்குத் தெரியாமலே நான் அவரிடம் மழையைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

ஆவடியில் இணையக் குற்றப் புகார் வாங்கும் இடத்தில், கணினி முன்னால் இளம் பெண் காவலர் ஒருவர் இருந்தார். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. செய்திகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "இதெல்லாம் நான் படிக்கல மேடம், நம்பரும் பணம் கேட்டதும் மட்டும் எடுத்துக்கறேன்" என்று போனைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டார். வீட்டில் ஒருவரின் எண் கேட்டார். தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். கொடுத்தபோதே, இன்றைக்கு மாங்காட்டுக்குப் போய் அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

"வேற ஏதாவது சேக்கணுமா?"

"அந்தப் போட்டோல இருக்கறவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதுங்க. அவருக்கு ஒரு குழந்தை இருக்கு. எப்படியாவது அவர் காதுக்கு இது போகணும்."

"சம்பந்தம் இல்லன்னு எழுதறேன். கொழந்தை இருக்கறதெல்லாம் புகாருக்குத் தேவையில்ல மேடம்."

"எழுதுங்க மேடம்" என்றேன்.

அவர் பாயின் மனைவியைப் பார்த்தார். பாயின் மனைவி, "எழுதேம்மா, இன்னா, மை தீந்துடுமா?" என்றார்.

அவர் அதையும் கணினியில் அடித்தார்.