அப்பாவின் மணல் மேடைக்கு நான் போட்ட அணை

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் செங்கல் வீடுகள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு தெருவின் முக்கால்வாசி. கெல்லிவில்லில் டாக்டர்மாருக்கும் கணக்காளர்மாருக்கும் மாடி வீடுகள். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்தும் தேடி வந்து கேட்டார்கள் என்பதற்காக ஓர் இந்துக் கோயிலின் சுற்றுமதில். இத்தனையும் கட்டியவன் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டது. வங்கிக்காரன் முகத்தைச் சுளித்தான், நகரசபைக்காரன் வரைபடத்தைத் திருப்பி அனுப்பினான், கூட்டாளி என்று வந்தவன் என் லொறியோடு போனான். கட்டினேன். நான் போட்ட கூரையில் ஒரு சொட்டு ஒழுகியது என்று யாராவது காட்டட்டும், மீசையை வழித்துவிடுகிறேன்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பத்து வயதில் நான் கட்டிய ஒன்று உண்டு. ஒரு பிரசங்கம் முடியும் நேரம்கூட அது முழுதாக நிற்கவில்லை. நான் கட்டியவற்றில் அதுதான் பெரியது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் அங்கே இருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் அப்பா உபதேசியாராக இருந்தவர்; வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணி, போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வார். அம்மாவின் தம்பி எங்களைச் சிட்னிக்கு அழைத்தார். மாமா பொறியியலாளர். மெரிலேண்ட்ஸில் அவருடைய வீட்டுப் பின்னறையில் நாங்கள் மூவரும் அடைந்து கிடந்தோம். அம்மாவுக்கு அந்தப் பின்னறைகூடப் பெரிய துன்பமில்லை. இன்னொருத்தியின் குசினியில் உப்பு எங்கே என்று கேட்டுக்கேட்டுச் சமைப்பதுதான் துன்பம். மாமா அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை பேசி வைத்திருந்தார்.

"அத்தான், பிரசங்கம் இஞ்சை சோறு போடாது. வெள்ளைக்காரன் ஞாயிற்றுக்கிழமையிலை புல்லு வெட்டுறவன்," என்பார்.

அந்த நேரத்தில்தான் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்த சபைக்கு ஊழியக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். சம்பளம் சின்னது. ஆனால் சபை மண்டபத்தின் பின்னால் ஒரு சிறிய வீடு, தனிக் குசினியோடு. அந்தச் சபையின் போதகர் அப்பாவைப் பார்த்துவிட்டு, கோடை விடுமுறையில் தங்களுடைய கடற்கரை ஊழியத்தில் வந்து சேரும்படியும், ஒருநாள் பிரசங்கம் செய்யும்படியும் சொன்னார். அதைச் சபையார் கேட்டபின்தான் முடிவு. அது நல்லபடி நடந்தால் வீடு. இல்லையென்றால் தொழிற்சாலையும் பின்னறையும்.

மார்கழியில் போனோம். அங்கே மார்கழிதான் கோடை; ஊர்ப் பழக்கத்தில் மார்கழி என்றால் குளிர் என்று கம்பளி எடுத்து வந்திருந்தாள் அம்மா. யாழ்ப்பாணத்து வெயிலைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்த வெயிலில் வெள்ளைக்காரருக்கு முன்னால் நாங்கள்தான் சுருண்டோம். மேற்கிலிருந்து காற்று அடித்தால் சூளையின் வாயைத் திறந்துவிட்ட மாதிரி. தார் வீதி செருப்பைப் பிடித்து இழுத்தது. அம்மா தலையில் அப்பிவிட்ட தேங்காய் எண்ணெய் உருகிக் கண்ணுக்குள் வடிந்தது. ஊழியக்காரர்கள் எல்லோரும் கூடாரங்களில் தங்கினார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. வெள்ளைக்காரர் மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசுவதைக் கண்டு, இவர்கள் இன்னும் எவ்வளவு வெள்ளையாகப் போகிறார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன்.

கடலைக் கண்டபோது பிளந்த வாயை மூடவில்லை. எங்கள் ஊர்ப் பரவைக்கடல் சொல்வழி கேட்கும் கடல். முழங்கால் ஆழத்தில் கூப்பிடு தூரம் நடக்கலாம். கரையிலே ஒரு தடியை நட்டுவிட்டு அடுத்த கிழமை வந்து பார்த்தாலும் தண்ணீர் அதே இடத்தில் நிற்கும். இந்தக் கடலோ கோயில் கதவு உயரத்துக்கு எழுந்து, ஒரு கணம் நின்று யோசித்து, பிறகு விழுந்தது. அந்த யோசனைக்குள்ளே பலகையோடு புகுந்து சறுக்கிக்கொண்டு வந்த பையன்களை நான் மனிதர்கள் என்றே நினைக்கவில்லை.

அவர்களுடைய ஊழியமும் அதிசயமாகத்தான் இருந்தது. காலையில் வயதுவித்தியாசம் இல்லாமல் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து, கரைக்கு மேலே கடற்கரை மதிலோரத்து உலர்ந்த மணலைக் குவித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இறுக்கி, ஆளுயரப் பிரசங்க மேடை கட்டுவார்கள். சிப்பியும் பூவும் பதிப்பார்கள். போதகர் அரைக்காற்சட்டையோடு வெறுங்காலில் அதன்மேல் ஏறி ஆண்டவரைப்பற்றிப் பேசுவார். பிரசங்கம் முடிந்தால் பிள்ளைகள் ஏறிக் குதித்துச் சாயங்காலம் மேடை இருக்காது. மறுநாள் புதிதாக ஒன்று. எங்கள் ஊரில் பிரசங்க மேடை கருங்காலி மரத்தில் செய்தது. அதைத் துடைக்கவே ஓர் ஆள் உண்டு. அப்பா முதல்நாள் முழுவதும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

அப்பாவின் முறை வந்தது. பேசுகிறவரே மேடைக்கு இடம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். விடிந்ததும் அப்பா, அம்மா, நான், இதைப் பார்க்கவென்று மெரிலேண்ட்ஸிலிருந்து வந்த மாமா, நால்வரும் கரைக்குப் போனோம். கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. அது விட்டுப்போன மணல் ஈரமாக, இறுகி, கால் பதியாமல் இருந்தது. மாமா குதிக்காலால் இடித்துப் பார்த்தார்.

"அத்தான், அத்திவாரம் எண்டால் இதுதான். சீமெந்து மாதிரிக் கிடக்கு. இந்த வெள்ளையள் ஏன் மேலை போய் மணலுக்குத் தண்ணி ஊத்திச் சாகுதுகள்?"

"அதுதானே," என்றார் அப்பா.

மாமா சிட்னிக்கு வந்து நாலு வருஷம். கடலில் கால் நனைத்தவரல்ல. எங்கள் நால்வருக்கும் தெரிந்தது ஒரே ஒரு கடல்தான். வந்ததிலிருந்து மதிலோரத்திலேயே இருந்துவிட்டதால், இந்தக் கடல் பகலில் ஊர்ந்து மேலே வரும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டினோம். அருமையான மேடை. படிகூட வைத்தேன்.

போதகர் வந்து பார்த்தார். மேடையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். இன்றைக்கு என்ன பிரசங்கம் என்று கேட்டார். கற்பாறையில் வீடு கட்டிய புத்திசாலியும் மணலில் கட்டிய மூடனும் என்ற இயேசுவின் உவமை என்றார் அப்பா. ஊரில் பலமுறை சொல்லிப் பழகிய பிரசங்கம்; அகராதியை வைத்து ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். போதகர் தலையை அண்ணாந்து சிரித்து, அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டி, "பிரில்லியண்ட், மேட்!" என்றார். மேடையின் உறுதியைத்தான் புகழ்கிறார் என்று அப்பா வெட்கத்தோடு தலையசைத்தார்.

உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது கடல் மேடைக்கு நாலடி தூரத்தில் நின்றது.

"என்ன தம்பி, கிட்ட வந்திட்டுது?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"இதோடை நிண்டிடும், அக்கா. நீங்கள் சும்மா பயப்பிடுறியள்."

அப்பா கழுத்துப்பட்டியும் சப்பாத்துமாக ஏறினார். வெறுங்காலோடு ஆண்டவருடைய வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். எதிரே சபையார் கொஞ்சப்பேர். அவர்களுக்கு அப்பால் கடற்கரை நிறையச் சனம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அப்பா தாளைப் பார்த்து வாசித்தார். குரல் அலையில் கரைந்தது. பிரசங்கத்து மூடன் வீடு கட்டத் தொடங்குவதற்குள் முதல் அலை வந்து மேடையின் அடியை நக்கிவிட்டுப் போனது. நான் வைத்த படி காணாமல் போனது.

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள். எனக்குப் பற்றி எரிந்தது. என் அப்பா விழப்போகிறார், இவர்கள் சிரிக்கிறார்களே!

அப்பா நிறுத்தினார். ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் மேடையின் கடல் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, நாய் மண் தோண்டுவதுபோல் இரு கையாலும் மணலை வாரி அணை போடத் தொடங்கினேன்.

"மோனை, உடுப்பு!" என்று கத்திக்கொண்டு வந்த அம்மா, என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கணம் மத்தியானச் சோற்றைத் துணியில் கவிழ்த்துவிட்டுச் சட்டியை என்னிடம் எறிந்தாள். "இதாலை அள்ளு!" சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் குனிந்தாள். மாமா கரையில் நின்று, "அக்கா, சனம் பாக்குது!" என்றார்.

அடுத்த அலை அணையில் பாதியைத் தின்றது. அப்போது ஒரு செம்பட்டைத் தலைச் சிறுமி வாளியோடு வந்து நின்று என்ன கட்டுகிறாய் என்று கேட்டாள். என்னிடம் இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடி. அதை முழுவதும் கொடுத்தேன்.

"ஹெல்ப் மை டாடி!"

அவள் திரும்பி ஒரு கூக்குரல் வைத்தாள். கடற்கரையில் மண்வெட்டி வைத்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். யார், எந்த ஊர், ஏன் கறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே தோண்டி உள்ளே எறியுங்கள் என்று நான் தமிழில் கத்தினேன், அவர்கள் அப்படியே செய்தார்கள். இன்றைக்கு நான் வேலையாட்களுக்கு உத்தரவு போடுகிறேனே, அது அன்று வந்த குரல். கடற்கரைக் காவல்காரர் ஒருவர் பெரிய மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகளைத் தேடித் தாய்தகப்பன் வந்தார்கள். படுத்திருந்த சனம் எழும்பிச் சுற்றி வளைத்து நின்றது. மேடையைச் சுற்றிப் பிறைவடிவில் அணை எழுந்தது. கடல் வந்து மோதியது. அணை நின்றது!

அப்பா திரும்பிக் கீழே என்னைப் பார்த்தார். தூக்கிய காலைப் பழையபடி மேடையில் வைத்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடலுக்கு மேலாக அது போனது. ஆங்கிலம் கிடைக்காத இடத்தில் தமிழில் பேசினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மழை வந்ததைச் சொன்னார், வெள்ளம் வந்ததைச் சொன்னார், வெள்ளம் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டேயிருந்தது. வாளியும் கையுமாக நின்ற பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். கடலை நிற்கச் சொல்லி வைத்திருப்பவர் என் அப்பாதான் என்று நான் அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

மூடனுடைய வீடு விழுந்தது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பெரிய அலை ஒன்று அணையைத் தாண்டி ஏறியது. மேடை பிளந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கழுத்துப்பட்டி மிதந்தது. "ஆமென்," என்றார். கடற்கரை முழுவதும் ஆமென் சொன்னது. போதகர் தண்ணீருக்குள் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

கரை ஏறியதும் அந்த இடத்திலேயே வீடு எங்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஈரச்சேலையோடு மணலில் உட்கார்ந்து அழுதாள். துணியில் கிடந்த சோற்றை மாமா மணலைத் தட்டித் தட்டிச் சாப்பிட்டார்.

பின்னேரம் கூடாரத்தில் அப்பா சப்பாத்திலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்து, "நான் இறங்கத்தான் பாத்தனான். இவன் விடேல்லை," என்றார். என்னை ஏசுகிறார் என்று நினைத்தேன். வெளியே போய்க் கூடாரக் கயிற்றடியில் இருந்து விம்மினேன். ஒருவரும் தேடி வரவில்லை.

சபையார் சிரித்தது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மணலில் வீடு கட்டியவன் கதையைச் சொல்ல, கடல் வரும் நேரம் பார்த்து வேண்டுமென்றே மேடையை அங்கே கட்டினார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அப்பா கடைசிவரை அதை மறுத்துச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. பயந்துகொண்டு நின்ற மனிதரைத்தான் கடலை அடக்கியவர் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் இறங்கியிருக்கலாம். கீழே மகன் மண் அள்ளிக்கொண்டிருந்தான், அதனால் இறங்கவில்லை. இதைவிட ஒரு தகப்பன் மகனுக்கு என்ன சொல்ல முடியும்?

இப்போது அந்தச் சபை மண்டபத்தில் அப்பாவின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். கடலைத் துணைக்கு அழைத்துப் பிரசங்கித்த ஞானி என்று கீழே எழுதியிருக்கிறது. நல்லது. ஆனால் அணையைப்பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஒருமுறை சொன்னேன், தலையாட்டினார்கள். இரண்டாம் முறை சொன்னேன், தேநீர் கொடுத்தார்கள். அணை இல்லையென்றால் பிரசங்கம் பாதியில் முடிந்திருக்கும், அந்த வீடும் கிடைத்திருக்காது, படம் மாட்ட ஆளும் இருந்திருக்கமாட்டார். ஆகவே சபைக்கு எழுதிக் கேட்கிறேன். அந்தப் படத்தின் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: அணையைக் கட்டியவன் அவருடைய மகன். தாய் சட்டி கொடுத்தாள் என்றும் சேர்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இடம் போதாது என்று சொன்னால் கல்லிலே வெட்டி நானே கொண்டுவந்து சுவரில் பதித்துத் தருகிறேன். கூலி வேண்டாம். என் பெயரை மட்டும் பிழையில்லாமல் போடட்டும்.