புகையில் ஒரு தலைவர்

மண்ணூர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்புக்கு நேர் மேலே, மூக்கும் முழியும் தெரியாதபடி புகை படிந்து ஒரு தலைவரின் படம் தொங்குகிறது. இங்கே தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தவர். அதற்காக வயல்களை எடுத்தவரும் அவரே. அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னிடம் விஷயம் உண்டு. வீட்டில் கேட்க மறுத்துவிட்டார்கள்.

"புகையில மாட்டியிருக்கீங்களே?" என்கிறேன்.

"எங்க நெலத்த எடுத்துக்கினாரு இல்ல? நல்லா இருமட்டும் சார்" என்கிறார் கடைக்கார அம்மாள். பேச்சு என்னோடு, கண் சாலையில். மகள் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. படியில் நின்றபடியே மகள் கத்துகிறாள்: "ம்மா! பர்மனென்ட் ஆக்கிட்டாங்க!"

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி, அதே முந்தானையால் துடைத்து, வாசல் பக்கம் மாட்டுகிறார்.

"மன்னிச்சிட்டீங்களா?"

"அட போ சார். நெலம் போனது போனதுதான். நாளைக்கு மறுபடியும் அடுப்பாண்டதான். இன்னிக்கு ஒரு நாளு இருமாம இருக்கட்டும்."